காரைத் தாழ்த்திய சகலை

கோரிப்பாளையத்தில் பம்புசெட் கடை வைத்திருந்த நல்லகாமன் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது சாமி படத்தை அல்ல, வாசலில் நிற்கும் தன்னுடைய வெள்ளை பத்மினி காரை. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஈரத்துணியால் துடைத்து, நாலடி தள்ளி நின்று பார்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு போன மாதத்தோடு நின்றுவிட்டது. இப்போதெல்லாம் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் முறைத்துப் பார்க்கிறார்.

"பாரு, கொக்கு மாதிரி நெட்டுக்குத்தலா நிக்குது சனியன்!"

உள்ளேயிருந்து மனைவி ஒச்சாயி கேட்டாள். "காலங்காத்தால யார வையிறீக?"

"காரத்தான்."

"அது என்ன பாவம் பண்ணுச்சு?"

கார் ஒரு பாவமும் பண்ணவில்லை. பண்ணியது அவருடைய சகலை மொக்கையன். ஒச்சாயியின் அக்காளைக் கட்டியவர், எழுமலையில் உரக்கடை வைத்திருப்பவர். அவரிடம் ஒரு பழைய பச்சை ஃபியட் இருந்தது. பத்மினிக்கு முந்தின மாடல். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் மொக்கையன் கார் தரையை ஒட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்த பண்ணையார் போல நிற்கும். எழுமலைத் திருவிழாவுக்குப் போனபோது இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஊர்ச்சனம் பச்சைக் காரைத் தொட்டுப் பார்த்து, மொக்கையனிடம் நின்று நின்று பேசிவிட்டுப் போனது. வெள்ளைக் காரை ஒருத்தர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நல்லகாமன் அன்றைக்குக் கறிச்சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அது போதாதென்று மாமியார் சோலையம்மாள் ஒரு வார்த்தை சொன்னாள். ஒன்பது வருஷம் காத்திருந்து ஒச்சாயி இப்போதுதான் உண்டாகியிருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் எழுமலையில் இருக்கும் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும்.

"பெரிய மாப்ள காருலயே கூட்டியாந்துருவோம். தாழ்வா இருக்கு. வயித்துப்பிள்ளக்காரிக்கு ஏறி எறங்கத் தோதா இருக்கும்" என்றாள் சோலையம்மாள். கிழவி கள்ளங்கபடமில்லாமல்தான் சொன்னாள்.

நல்லகாமன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. என் பொண்டாட்டி, என் பிள்ளை, என்னிடம் புத்தம்புதுக் கார், ஏறுவது அவன் வண்டியிலா? அந்த வயிற்றெரிச்சல் எத்தனை மோர் குடித்தாலும் அடங்காது.

மறுநாளே மேலூர் ரோட்டில் இருந்த சோணையின் பட்டறைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். ஃபியட் வேலை என்றால் பலரும் சோணையிடம்தான் போவார்கள்.

"காரத் தாழ்த்தணும்ப்பா."

சோணை வாய்விட்டுச் சிரித்தான். "அண்ணே, எல்லாரும் ஏத்திக்குடுன்னு வருவாக. நீங்க எறக்கச் சொல்றீக!"

"முடியுமா முடியாதா?"

"உங்க நேரம், ஒரு பழைய ஃபியட்டு வந்து நிக்குது. ஸ்பிரிங்கு எல்லாம் அமுங்கிப் போச்சு, நல்லதா மாத்திக்குடுன்னு கேட்டாக. உங்களோடத அதுக்குப் போட்டு, அதோடத உங்களுக்குப் போட்டா ரெண்டு பேருக்கும் வேல முடிஞ்சுரும். ரெண்டு வண்டிக்கும் ஒரே அளவுதான். ஆனா அண்ணே, சொல்லிப்புட்டேன், ஆளு நெறைய ஏத்தாதீக. மேடு பள்ளத்துல அடி தட்டும்."

"அது என் பாடு. நீ மாத்து."

அந்தப் பழைய ஃபியட் யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எட்டிப் பார்த்திருந்தால்கூடக் கொட்டகைக்குப் பின்னால் அதன் பச்சை நிறம் தெரிந்திருக்கும். பொறாமை பிடித்தவனுக்கு அடுத்தவன் வாசல் தெரியும் அளவுக்குத் தன் காலடி தெரியாது.

கார் தாழ்ந்தது. நல்லகாமன் மீசை உயர்ந்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான், ஆனால் போட்டுக்கொண்ட பூனைக்கு அது எப்போது தெரிந்திருக்கிறது!

வளைகாப்பு அன்று எழுமலையிலிருந்து மொக்கையன் கார் வந்து நின்றது. நல்லகாமன் ஓடிப் போய்ப் பார்த்தார். பச்சைக் கார் நிமிர்ந்து நின்றது. சோலையம்மாள் அதிலிருந்து இறங்க முடியாமல் மூத்த மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"என்ன பெரிய மாப்ள, காரு குதுர கணக்கா ஒசந்து போச்சு! முட்டி இம்புட்டு வலிக்குதே."

"அடுத்த தடவ முக்காலி எடுத்தாரேன் அத்த" என்று மொக்கையன் சிரித்தார்.

நல்லகாமனுக்கு முதலில் உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே உள்ளே ஒரு முள் குத்தியது. 'நாம இறக்கின நேரத்துல இவன் ஏத்திட்டானே! இனிமே ஒசரம்தான் மவுசோ?' பொறாமைக்கு நிம்மதி ஏது!

புறப்படும்போது எல்லோரும் தன் காரில்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒச்சாயி, மாமியார், மூத்தவள், வளையல் கூடை, புளியோதரை அண்டா, சீர்ப் பாத்திரம் எல்லாம் பத்மினியில் ஏறின. மொக்கையன் வெறும் வண்டியோடு முன்னால் போனார்.

உசிலம்பட்டி தாண்டி எழுமலைப் பாதையில் ஒரு தரைப்பாலம் மழையில் பெயர்ந்து கிடந்தது. வண்டிகள் பக்கத்தில் இருந்த ஓடைக்குள் இறங்கி ஏறின. மாட்டுவண்டித் தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகவும் நடுவில் கல்லும் மண்ணுமாக மேடாகவும் இருந்தது. மொக்கையன் சுலபமாகக் கடந்துவிட்டார். அக்கரையில் காரை நிறுத்தி, இறங்கி வந்து கையை ஆட்டினார்.

"சகல! நிறுத்துங்க! ஆளுகள எறக்கிட்டு வெறும் வண்டியா ஓட்டுங்க! நடுவுல கல்லு கெடக்கு!"

"ஏங்க, நான் எறங்கி நடந்து வாரேங்க" என்றாள் ஒச்சாயி.

"ஒக்காருடி. அவரு வண்டி போச்சுல்ல? என் வண்டி போகாதா?"

போகவில்லை. ஓடையின் நடுவில் பத்மினியின் வயிறு கல்லில் மோதியது. கார் ஒரு குதி குதித்து நின்றது. எஞ்சினுக்கு அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டி உடைந்து கறுப்பாக ஒழுகியது. ஒச்சாயி முன்சீட்டில் இடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்து, "ஆத்தே!" என்று அலறினாள்.

நல்லகாமன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். மொக்கையன் தன் காரைத் திருப்பி ஓடைக்குள் இறக்கினார். அதே மேடு, அதே கல். பச்சைக் காரின் அடியில் உரசக்கூட இல்லை. ஒச்சாயியைப் பூப்போல் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள்.

"ஏறுங்க சகல, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக!" என்று மொக்கையன் கத்தினார். மாமியாரும் மூத்தவளும் முன்சீட்டில் நெருக்கிக்கொள்ள, கார் உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. வழி நெடுக ஒச்சாயி முனகினாள். நல்லகாமன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டார்.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "பிள்ளைத் துடிப்பு நல்லாருக்கு. வலியும் அடங்கிருச்சு. ஆனா இன்னொரு குலுக்கல் தாங்கியிருக்காது. பிள்ளைத்தாச்சிய இப்படியா கூட்டிட்டு வருவீங்க?"

நல்லகாமன் வாசல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். மொக்கையன் டீ வாங்கி வந்து நீட்டினார்.

"குடிங்க சகல. நல்லவேள, போன வாரந்தான் இந்த வண்டிக்கு ஸ்பிரிங்கு மாத்துனேன். பழசா இருந்தா நானும் ஓடையில உக்காந்துருப்பேன். சோணை சொன்னான், எவனோ ஒரு கிறுக்கன் புது ஸ்பிரிங்கக் கழட்டிக் குடுத்துட்டு அமுங்குனதக் கேட்டு வாங்கிட்டுப் போனானாம்!"

நல்லகாமன் டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தக் கிறுக்கன் நாந்தாண்ணே."

மொக்கையன் விழித்தார். "என்னத்துக்கு?"

"உங்க காரு தாழ்வா, அம்சமா நின்னுச்சு. சனமெல்லாம் அதத்தான் பாத்துச்சு. எனக்குப் பொறுக்கல."

"அடப்பாவி மனுசா! அது அழகுக்கா நின்னுச்சு? பிரசவக்காரி, பாம்பு கடிச்சவன்னு ஊரையே ஏத்தி எறக்கி அமுங்கிப் போன வண்டிய்யா! உங்க வண்டி நிமுந்து நிக்கிறதப் பாத்து எனக்குத்தான் உள்ளுக்குள்ள வெந்துச்சு. அதான் நானும் மாத்துனேன்."

சனம் தேடி வந்தது காரை அல்ல, தங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதரை என்பது நல்லகாமனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளலாம். அந்த மதிப்பை எந்தப் பட்டறையில் மாற்றிக்கொள்வது?

உள்ளே போய் ஒச்சாயியின் கட்டிலருகே நின்று, ஒன்று விடாமல் சொன்னார். அவள் கையில் இரண்டு கண்ணாடி வளையல்கள் உடைந்து போயிருந்தன. கீறிய இடத்தில் மருந்து தடவியிருந்தார்கள்.

"இனிமே அடுத்தவன் வாசலப் பாக்கவே மாட்டேன் ஒச்சாயி. சத்தியமா."

"நல்லாப் பாருங்க. யாரு வேணாம்னா? பாத்துச் சந்தோசப்படுங்க." அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அவரு காருல ஓடுனது உங்க ஸ்பிரிங்குதான். அவரே ஏங்குன காரு உங்க வாசல்லதான் நின்னுருக்கு. அதக் கழட்டிக் குடுத்துட்டு, இந்தப் புள்ளையையும்ல கழட்டிக் குடுக்கப் பாத்தீக! ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. அடுத்தவனப் பாத்து நம்ம வயிறு எரிஞ்சா, அவன் வீட்டுல ஒரு ஓலகூடக் கருகாது. வேகுறது நம்ம வீடுதான்."