பெஞ்சுகளுக்கு மறுபடி போல்ட் போட்ட கதை

பழைய தேவாலயத்தை ஊர்ப் பாட்டுக்கூடமாகத் திறந்த அன்று, இரண்டாவது பாட்டின் நடுவில் முன்வரிசை பெஞ்சு, அதில் உட்கார்ந்திருந்தவர்களோடு சேர்ந்து தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது. பாட்டு முடிந்ததும் இறங்கியது. கைதட்டலுக்குக் குறைவில்லை. யாருடைய குடையோ மட்டும் கீழே விழுந்தது.

தவறு தச்சருடையது. எதையும் இரண்டு தடவை அளந்து, வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் வந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை அளப்பவர் என்பதால் எல்லோரும் அவரை அளவுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். சபையார் பெரிய கட்டடத்துக்குக் குடிபோனபோது பாதிரியார் சாவியைத் தெருக்காரர்களிடம் கொடுத்து, "பாட்டு நின்னா இந்தச் சுவருங்களுக்கு ஒத்துக்காது, பாடிக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆடுவதற்கும் இடம் வேண்டும், பெஞ்சுகளை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம் என்று, அவற்றின் கால்களில் இருந்த கட்டைவிரல் தடிமன் போல்டுகளைக் கழற்றியவர் அளவுக்காரர்தான். இவ்வளவு கனமான பெஞ்சுக்கு எதற்கு இவ்வளவு பெரிய போல்ட் என்று அவருக்கு அப்போதே தோன்றியது. திருட்டுப் பயமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. டிரம்ஸுக்குப் பெஞ்சு குலுங்கி ஏறும், வயலினுக்கு வழுக்கிக்கொண்டு ஏறும். முழங்கால் வலிக்காரர்கள் எழுந்து நிற்கச் சிரமப்படாமல், பெஞ்சு மேலே இருக்கும்போதே அப்படியே வழுக்கி இறங்கி நின்றுகொண்டார்கள். நகராட்சி அதிகாரிக்குத்தான் பிடிக்கவில்லை. பொதுக் கூடத்தில் பெஞ்சு தரையோடு பிணைந்திருக்க வேண்டும், சனிக்கிழமை வந்து பார்ப்பேன், எழும்பினால் பூட்டி சீல் வைப்பேன் என்றார்.

அந்தச் சனிக்கிழமைதான் அளவுக்காரரின் மனைவி முதல்முறையாகத் தனியாகப் பாடவிருந்தாள். சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியோடு இருபது வருஷம் பாடிய குரல். அதில் ஒரு பாட்டைக்கூட அவர் முழுசாகக் கேட்டதில்லை. பாதியில் எங்காவது ஒரு கதவு கிறீச்சிடும், ஸ்க்ரூடிரைவரோடு எழுந்து போய்விடுவார்.

"ஏங்க, இந்தத் தடவையாவது கதவுக் கீலைப் பாக்காம என் மூஞ்சியைப் பாப்பீங்களா?"

"கூடம் இருந்தாத்தானே பாடுவ?"

"அதைப் பாத்துக்கத்தானே நீங்க இருக்கீங்க."

பெஞ்சுகளைப் பலகைத் தரையோடு முடுக்கினார். அவள் ஒத்திகை பார்த்தாள். பெஞ்சு பலகையையும் தூக்கிக்கொண்டு ஏறியது. பலகையை அதன் அடியிலிருந்த உத்தரத்தோடு முடுக்கினார். உத்தரமும் ஏறியது. உத்தரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார். அதன்பின் கூடத்துக்குள் எதுவும் அசையவில்லை. இழுத்துப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார், வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தும் பார்த்தார்.

சனிக்கிழமை அதிகாரி மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவள் பாடினாள். பெஞ்சு ஒரு நூல்கூட எழும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே மட்டும் மரங்கள் இறங்கின, பிறகு மின்கம்பம் இறங்கியது, எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் இறங்கினாள். அதிகாரி குனிந்து பெஞ்சின் காலைத் தடவினார்.

"பெஞ்சு தரையை விட்டு நகரலையே?"

"இல்லைங்க சார்" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அளவுக்காரர்.

"கட்டடம்?"

"கட்டடத்தைப் பத்தி உங்க விதியில ஒண்ணும் இல்லைங்களே."

அதிகாரி யோசித்தார். விதியில் நிஜமாகவே ஒன்றும் இல்லை. ரசமட்டத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, இன்னொரு பாட்டு இருக்கிறதா என்று கேட்டார். அவள் அடுத்த பாட்டை ஆரம்பித்தாள்.

அளவுக்காரர் பழக்கதோஷத்தில் முடுக்குவதற்கு எதையாவது தேடினார். எல்லாவற்றையும் அவரே முடுக்கியிருந்தார். வேறு வழியில்லாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்த்துவிட்டாள். குரல் மேலே போனது. கூடம் ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியது. கடைசி வரி வரை அவர் எழுந்திருக்கவில்லை.

கூடம் பழைய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இறங்கியது.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

அவர் ஒரு கண்ணை மூடிச் சுவரோரம் மட்டம் பார்த்தார். "ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, ஒரு பக்கம்கூட சாயல."

தான் செய்த நாற்காலியைப் பற்றிக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை என்பது அவளுக்குத் தெரியும். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் கூடம் இரண்டு அங்குலம் எழும்பியது.

வாசல்படியை ஒரு சாண் நகர்த்திக் கட்டியாகிவிட்டது. சனிக்கிழமைகளில் ஜனங்கள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். தாமதமாக வருபவர்கள் அஸ்திவாரத்தின்மேல் உட்கார்ந்து, தலைக்கு மேலே கேட்கிற பாட்டைக் கேட்கிறார்கள். மழை பெய்தால் அதுதான் வசதியான இடம் என்கிறார்கள்.