பட்டினி போட்ட செல்கள்

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் ஆராய்ச்சிக்காரிக்கு முதலில் தோன்றியது, 'நான்தான் எதையோ சொதப்பியிருக்கிறேன்' என்பதுதான். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

தட்டில் இருந்தவை புரோஸ்டேட் புற்றுநோய் செல்கள். ஆண் ஹார்மோன்தான் அவற்றுக்குத் தீனி. அதை நீக்கிய திரவத்தில் மாதக்கணக்காக அவற்றைப் பட்டினி போட்டிருந்தாள். ஞாயிறு, விடுமுறை பார்க்காமல் வந்து திரவம் மாற்றியதில் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். சுருண்டு கிடந்த செல்கள் இப்போது தட்டை அடைத்துக்கொண்டு ஜாம் ஜாமென்று வளர்ந்திருந்தன.

வீட்டில் மாமனாருக்கும் இதே வைத்தியம்தான், ஹார்மோனை நிறுத்தும் ஊசி. மனிதர் நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அதுவும் மருமகளிடம், அந்த இடத்து நோயை! தினமும் அவள் உள்ளே நுழைந்ததும், "உன் பசங்க அடங்கியிருக்காங்களாம்மா?" என்பார், அவள் செல்களைத்தான். "அடங்கியிருக்காங்க மாமா" என்பாள். அதற்கப்புறம்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டாள். ஆய்வகத்தில் அவனுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர்; சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டும் நாலு பேரிடம் மணி கேட்கிற ஆள்.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு. கண்டுபிடிச்சுச் சொல்லு, புண்ணியமாப் போகும்."

அவன் பாட்டில்களை முகர்ந்து பார்க்காத குறை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் சோதனையையும் தன் கையாலேயே திரும்பச் செய்தான். மறுநாள் மாலை சிரித்துக்கொண்டே வந்தான்.

"தப்பே இல்லக்கா. ஹார்மோனைப் பிடிக்கிற புரதத்தைச் செய்யுதே, அந்த மரபணு மாறவே இல்ல. அதேதான். ஆனா பட்டினி போட்டதும் ஓவர்டைம் பாக்க ஆரம்பிச்சிருக்கு. புரதம் பல மடங்கு ஆயிடுச்சு. மிச்சம் மீதி இருக்கிற துளி ஹார்மோனைக்கூட விடாமப் பிடிச்சுக்குது. கலக்கிட்டீங்கக்கா!"

எதையும் நம்பாத பாவி, இதைப் போய் நம்பித் தொலைத்தான்.

தட்டு வேறு, மனிதர் வேறு. செல்லுக்கு நடந்தது அவருக்கும் இப்போதே நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு இதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். புத்தி கேட்டுக்கொண்டது, மனசு கேட்கவில்லை.

மாமனார் வழக்கம்போலக் கேட்டார். 'அடங்கியிருக்காங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அசதியில் அதற்குக்கூடத் தெம்பில்லை.

"வளந்துட்டாங்க மாமா," என்றாள். உடனே பதறி, "என் தப்புதான். பாட்டிலை மாத்தி ஊத்திட்டேன்," என்றாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் உப்பு டப்பாவைக்கூட இடம் மாற்றி வைக்காத மருமகள்.

"சரி, உன் தப்பாவே இருக்கட்டும்மா," என்றார். "என் பையன் கேட்டாலும் இதையே சொல்லு."

அவள் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

"சொல்றேன் மாமா."