அடித்த நேரம்

அந்தக் காலத்தில் காவல் நிலையத்து அறிக்கைகளை எதிர்க்கடையில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தவன் நான்தான். என் காகிதத்தில் பிழை மருந்துக்கும் இருக்காது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. தாமதம் என்று யாரும் என் தலையைப் போட்டு உருட்டக் கூடாதென்று, ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் அடித்த நேரத்தைப் போட்டுவிடுவேன்.

அன்று காலை என் மைத்துனனைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். ஆலைச் சுவரில் கூலி உயர்வு கேட்டு நோட்டீஸ் ஒட்டினானாம். வீட்டில் அவனுக்கு வாண்டு என்று பெயர், ஆளோ ஆறடி. தம்பியைக் கூட்டி வராமல் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லித்தான் மனைவி என்னை அனுப்பியிருந்தாள். அதிகாரியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சாயந்தரம் அனுப்பிடறேன்யா. முதல்ல இதை அடிச்சுக் கொடு," என்றார்.

அறிக்கை இதுதான்: கைதி ஒருவன் மாலை நாலு மணிக்குப் பாலத்தருகே தப்பி ஓடினான், கத்தியால் தாக்கினான், சுடப்பட்டு இறந்தான். பெயருக்கும் தேதிக்கும் இடம் விடச் சொன்னார். செத்தவன் யாரென்று தெரியும்வரை அப்படி விடுவது வழக்கம்தான். எங்கேயோ நேற்று நடந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதோடு என் வாய் சும்மா இருந்ததா? ஓடுகிறவன் எப்படித் தாக்குவான், தாக்கிவிட்டு ஓடினான் என்று போடலாமே என்று யோசனை வேறு சொன்னேன். அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஐந்து மணிக்கு அவரே கடைக்கு வந்தார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இன்னிக்குத் தேதி போடு. பேரையும் நீயே போட்டுடு. உன் மச்சினன் பேரு உனக்குத்தான் தெரியுமே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காகிதத்தைத் தட்டச்சுப் பொறியில் செருகியபோதுதான் விளங்கியது. படுபாவி, பக்கத்திலேயே நின்று பீடி பற்ற வைத்தான். பயத்தில் அடித்தேன். வாண்டுவின் முழுப்பெயரை ஒவ்வொரு எழுத்தாக நான்தான் அடித்தேன்.

அப்போதுதான் அடியில் பார்த்தேன். காலையில் பழக்கதோஷத்தில் போட்டது: முற்பகல் 11.10. நாலு மணிக்குச் செத்தவனுக்குப் பதினொன்றுக்கே அறிக்கை. அந்த அதிகாரி அதைப் படிக்கவில்லை. ரப்பரைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். மேலிடத்துக்குப் போகும் காகிதத்தை அப்படியே மடித்துக் கொடுத்தேன்.

கடையைப் பூட்டினேன். வீட்டுப் படியை எப்படி ஏறுவது என்றுதான் தெரியவில்லை.