கனிசியஸின் வலது தோள்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாசியில் கனிசியஸுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துப்போட்டது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கடலில் முப்பது வருடம் வலை இழுத்த மனிதர். மூன்று மாதம் கழிந்தும் தடியை ஊன்றி வாசல்மட்டும் போய்வர அரைமணித்தியாலம் எடுத்தார். கால் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சும் குழறிக் குழறி வந்தது. தோள்தான் அவரைத் தின்றது.

கை அசையாது. நோவு மட்டும் அதில் உயிரோடு இருந்தது. சட்டை போடும்போது நொந்தது, புரண்டு படுத்தால் நொந்தது, சும்மா இருந்தாலும் நொந்தது. சண்டையால் கடைகளில் பனடோல் குளிசைகூடக் குதிரைக்கொம்பாக இருந்த காலம். மனைவி யசிந்தா நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசுவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "சுகம்" என்பார். முதல்தரம் விழுவதற்கு முந்திய நாளும் இதே கைதான் விறைத்தது. இந்த நோவு அடுத்த வாதத்துக்கு அறிகுறி என்று அவர் நம்பினார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

குண்டுபோடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் யசிந்தா ஓடிவந்து அவரைத் தடியில்லாத கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குப் போவாள். ஒருநாள் காலை பத்து மணிபோல் சத்தம் கேட்டபோது அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"எழும்புங்கோவன். கிட்ட வந்திட்டான்."

"நீ... போ."

"உங்களை விட்டிட்டு நான் எங்கை போறது?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவளும் போகவில்லை. கட்டிலடியில் குந்தியிருந்து செபமாலை சொன்னாள். குண்டுகள் தூரத்தில் விழுந்தன.

பின்னேரம் அவள் மரியநாயகி மிஸியைக் கூட்டிவந்தாள். ஆசுபத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்று, இரண்டு வீடு தள்ளி இருப்பவர். அவர் தோளைத் தடவிப் பார்த்தார். மூட்டுக்கு மேலே ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம்.

"உந்தக் கையிலை ஆரும் பிடிச்சு இழுக்கிறதோ?"

கனிசியஸ் சுவர்ப்பக்கம் பார்த்தார்.

"நான்தான் மிஸி," என்றாள் யசிந்தா. "பங்கருக்குப் போகேக்கை."

"சத்தில்லாத கை, பிள்ளை. இழுத்தால் மூட்டு விலகும். அந்த நோவுதான் இது."

"அப்ப... திரும்ப... வாறதில்லையோ?" என்று கேட்டார் கனிசியஸ்.

மிஸி கட்டில் விளிம்பில் இருந்தார். "நாளைக்கு என்ன வருமெண்டு என்னாலை சொல்லேலாது. ரத்தப் பிறசரைப் பாத்துக்கொள்ளுங்கோ. ஆனா இந்த நோவு அதில்லை."

மிஸி போனபிறகு யசிந்தா குசினிக்குள் அடுப்படியில் நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"இழுக்கேக்கை நோகுதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ... என்னைக் காப்பாத்தத்தானே... இழுத்தனீ."

அவள் அலுமாரியைத் திறந்தாள். பழைய சேலையைக் கிழித்து அந்தக் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள். இன்னொரு துண்டை அகலமாக மடித்து அவரின் இடுப்பில் சுற்றினாள். அன்றிலிருந்து அதைப் பிடித்தே நடத்தினாள்.

நோவு ஒரேயடியாகப் போகவில்லை. ஒரு மாதத்தில் பாதி குறைந்தது. பயமும் அப்படித்தான். ஆனால் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை இப்போது வாய்விட்டுச் சொன்னார். "எனக்கும் அதே பயம்தான்," என்பாள் அவள்.

அடுத்தமுறை பொம்மர் வந்தபோது இருவரும் வளவில் பாதித் தூரம் போவதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. யசிந்தாவுக்கு மூச்சு வாங்கியது.

"திரும்பிப் போவமோ?"

"கொஞ்சம்... இருப்பம்."

வெறும் மணலில் அவரை மெதுவாக இருத்தி, அவளும் பக்கத்தில் காலை நீட்டி இருந்தாள்.