கண் எடுத்த சிலை

அத்தான் மேசைமேல் இறக்கி வைத்த பளிங்குச் சிலையைப் பார்த்ததும் சுரண்டிக்கு முதலில் உறுத்தியது அதன் சுத்தம்தான். பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த சமணத் தீர்த்தங்கரர் என்றார் அத்தான். யாரோ கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். அத்தான் வாயில் கிணறு வெட்டாத ஊரே கிடையாது.

சுரண்டி என்பது நாற்பது வயதுக்காரனுக்கு ஏற்ற பெயரில்லைதான். பழைய சிலைகளின் அழுக்கை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுப்பவன் என்பதால் வேலையே பெயராக ஒட்டிக்கொண்டது. கடை அக்கா புருஷனுடையது. பின்னால் பட்டறை, மேலே வீடு. அவனுக்குச் சாப்பாடும் படுக்கையும் அங்கேயேதான்.

போன வருஷம் ஒரு புத்தர் தலைக்காக அத்தானைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. எங்கேயோ விகாரையில் கழுத்தோடு அறுத்து எடுத்த தலை. சாட்சி கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அக்கா அழவில்லை, கத்தவுமில்லை. இன்னொரு திருட்டுச் சாமி இந்த வீட்டுக்குள் வந்தால் தானே பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவதாக மட்டும் சொன்னாள். அக்கா சொன்னால் சொன்னதுதான். அதனால் சிலையின்மேல் சுரண்டியின் கை போனதைவிடக் கண் போனது அதிகம்.

உட்கார்ந்த கோலம், மடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கைகள். கால் பெருவிரல், முழங்கால், தோள், நெற்றி இவை மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன. காதுக்குப் பின்னால் உளித் தடம் அப்படியே இருந்தது. மண் தேய்த்தால் எல்லா இடத்தையும் தேய்க்கும். ஆள் பார்த்துத் தேய்க்காது. இது தலைமுறை தலைமுறையாகச் சந்தனம் வைத்த விரல்களின் வேலை. தொப்புள் குழியில் மஞ்சள் கறைகூட மிச்சமிருந்தது.

கண்கள்தான் எல்லாவற்றையும்விட மோசம். இந்த மாதிரிச் சிலைகளுக்குக் கண்ணாடியில் கண் செய்து மேலே ஒட்டுவார்கள். இதற்குக் கண் இல்லை. இருந்த இடத்தில் கறுத்துப்போன அரக்கு, அதற்குமேல் வெள்ளையாகப் பசை. நகத்தால் அழுத்தினான். நகம் உள்ளே போனது. மண்ணுக்குள் கிடந்த சாமிக்கு யார் போய்க் கடைப் பசை வாங்கி ஒட்டியிருப்பார்கள்?

கண் எங்கே என்று அத்தானிடம் கேட்டான்.

“அதுக்குப் பொறவியிலேயே இல்ல மாப்ள. உன் வேலை வெளக்குறது. விசாரிக்கிறது இல்ல.”

சாயங்காலம் சிலையைப் பார்க்க ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் வந்தார். சொந்த டார்ச், சொந்தச் சின்னக் கண்ணாடி. அத்தான் ஒரு வாய் குடித்த பிறகுதான் தன் டீயைத் தொட்டார். அவருடைய சந்தேகம் வேறு. இதற்குமுன் வேறொரு கடையில் அவர் வாங்கிய நடராஜர் நேற்று வார்த்து அமிலத்தில் குளிப்பாட்டியதாம். வாய்க்குள் பார்ப்பதுபோலச் சிலையின் அக்குளையெல்லாம் கண்ணாடி விட்டுப் பார்த்தார். அத்தான் கிணற்றுக் கதையை இரண்டாவது தடவை ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்தினார்.

“நீங்கதானே இதைக் கழுவுனது?” என்று சுரண்டியின் பக்கம் திரும்பினார். “உண்மையைச் சொல்லுங்க. பழசா, புதுசா?”

டீ கொண்டுவந்த அக்கா போகாமல் கதவோரமே நின்றிருந்தாள்.

பழசு என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார். விரல், சந்தனம், பசை என்று எதைச் சொன்னாலும் அது களவுக்குத்தான் சாட்சி. அக்கா குடும்பத்தைத் தன் வாயாலேயே உடைத்த மாதிரி ஆகும். வாயை மூடிக்கொண்டால் யாரோ தினமும் கும்பிட்ட சாமி இந்த ஆள் வீட்டு அலமாரிக்குப் போய்விடும்.

“புதுசு சார்,” என்றான் சுரண்டி. “நான்தான் பழசாக்குனேன். முழங்காலை உப்புத்தாள் வச்சுத் தேச்சேன்.”

டாக்டர் ஏமாந்தவர்போல இல்லை, ஜெயித்தவர்போலச் சிரித்தார். “சொத்தைப் பல்லை மறைச்சவங்களையே நெறையப் பாத்தாச்சு,” என்று அத்தானிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அத்தானுக்கு முகம் கறுத்தது. இது அசல் என்று கத்த வாயைத் திறந்தவர், அக்காவைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அசல் என்றால் எங்கிருந்து வந்தது என்பாள்.

“புதுசாங்க?” என்றாள் அக்கா.

“ஆமா. பட்டறையில செஞ்சது.” கஷாயம் குடித்த மாதிரி சொன்னார்.

சுவருக்கு என்ன கலர் அடிப்பது என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு ஆம்பளைகள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அக்கா இவனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த சுத்தியலை எடுத்துவந்து சிலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“போலின்னா ஒடைங்க. இன்னொருத்தர் ஏமாற வேணாம்.”

கல் காசாச்சே என்று அத்தான் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சுத்தியலை எடுத்தார். தோள்வரை ஓங்கினார். அங்கேயே நின்ற கை மெதுவாகக் கீழே வந்தது. விலையை நினைத்தாரா, பாவத்தை நினைத்தாரா என்பது அவருக்கே தெரியுமா என்று தெரியவில்லை.

அக்கா சுத்தியலைத் தம்பி பக்கம் தள்ளினாள். “நீ தேச்சதுதானேடா? நீ ஒடை.”

சுரண்டி பிடியைக்கூடத் தொடவில்லை. தேய்ந்த அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எந்தக் கோயில்?” என்றாள்.

அத்தான் தரையைப் பார்த்தபடி ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார். அது கிணறு வெட்டிய ஊர் இல்லை.

அக்கா தன் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். “புடிச்சுக் குடுப்பேன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்களே கூப்பிட்டுச் சொன்னா கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.”

வாங்கினார். எண்ணைத் தப்பாக அழுத்தினார். மறுபடியும் தப்பு. அக்கா போனைத் திரும்ப வாங்கி, போலீஸ் நிலையத்துக்குச் சரியாக எண்ணை அழுத்தி, மணி அடிக்க ஆரம்பித்ததும் அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.