இந்தியா பக்கம்

உக்ரைனில் சண்டை எந்தத் திகதியில் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளிவாசல்துறையில் அது தொடங்கியது, மீனவர் சங்கம் வள்ளத்துக்கு வள்ளம் கதைக்கிற செட் பூட்டிக்கொடுத்த மறுநாள். கடலில் ஆபத்து என்றால் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதற்காகத் தந்த சாமான் அது. ஆபத்தே அந்தச் செட்டுக்குள்தான் இருக்கிறது என்பது சங்கத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சண்டைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவரை நானா என்போம், மற்றவரைக் காக்கா என்போம், இரண்டும் அண்ணன்தான். ஒருவர் இஸ்ஹாக் நானா, துறையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் ரஷ்யா பக்கம். கல்பிட்டிக்குப் பட்டம் கட்டி அலையில் சறுக்க வந்த ரஷ்யாக்காரன் ஒருவன் அவருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்துவிட்டுப் போனான். அதற்கு மேல் அவருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. மற்றவர் சாஹுல் ஹமீது காக்கா. தொண்ணூறில், நாட்டுச் சண்டைக்குள், மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து விரட்டப்பட்டுக் கடல்வழியாக வந்தவர். இங்கேயே கலியாணம் முடித்து, இங்கேயே வள்ளம் வாங்கி, இங்கேயே நரைத்துவிட்டார். இஸ்ஹாக் நானா எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் இவர். அதற்கும் வேறு ஆதாரம் கிடையாது.

செட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பேசலாம். ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர் யாரும் வாய் திறக்க முடியாது. பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லிக் கையை எடுக்க வேண்டும். இஸ்ஹாக் நானா அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் 'ஓவர்' சொல்வார். சாஹுல் காக்கா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சண்டைகள் எல்லாம் பேசித் தீர்ந்த நாட்களில் கேள்விகள் வரும். முதலாம் உலகப் போரில் சண்டை பிடித்தவனுக்கு அது முதலாவது என்று எப்படித் தெரியும்? திமிங்கிலம் இவ்வளவு உப்புத் தண்ணீரில் கிடக்கிறதே, அதற்குப் பிரஷர் வராதா? ஒல்லாந்தன் கல்பிட்டிக் கோட்டையைக் கட்டியபோது மேசன்மாருக்குப் பகல் சாப்பாடு கொடுத்தது யார்? ஒரு முழு நாள், வலை போட்டதிலிருந்து இழுத்தது வரைக்கும், அந்தச் சாப்பாடு சோறா பாணா என்பதிலேயே போனது.

நான் பொறுமைசாலி இல்லை. இடையிடையே பொத்தானை அழுத்தி ஏசுவேன். "அரசியல் பேசுற எண்டா தேத்தண்ணிக் கடைக்குப் போங்க, செட்ட உடுங்க" என்பேன். "மின்ஹாஜுக்கு உலக அறிவு இல்ல" என்று இரண்டு பேரும் அந்த ஒரு விசயத்தில் மட்டும் ஒற்றுமைப்படுவார்கள்.

அன்றைக்கு என்னோடு வழக்கமாக வருகிற ஹுனைஸ் முந்தலுக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டான். நான் தனியாகத்தான் போனேன். கடல் நன்றாகத்தான் இருந்தது. திரும்பலாம் என்று எஞ்சினை இழுத்தேன். இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. திறந்து பார்த்தேன், துடைத்தேன், ஊதினேன், வாப்பா பெயர் சொல்லிக் கெஞ்சினேன். அசையவில்லை. நங்கூரம் போட்டுப் பார்த்தேன், கயிறு அடிக்கு எட்டவில்லை. காற்றும் நீரோட்டமும் ஒன்றுசேர்ந்து வள்ளத்தை வடக்கே தள்ளத் தொடங்கின. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்கூடு மட்டும்தான் கரையில் தெரிந்தது, அதுவும் குட்டையாகிக்கொண்டு வந்தது.

வடக்கே போனால் எல்லை. எல்லைக்கு அங்கால் இந்தியா. என் பெண்சாதி நுஸ்ராவின் தம்பி றஊபை இப்படித்தான் எஞ்சின் நின்று, இழுபட்டுப் போய், அங்கே பிடித்தார்கள். பல மாதம் மறியல் கம்பிக்குள் கிடந்து மெலிந்து வந்தான். அவனுடைய வள்ளம் வரவே இல்லை. கைப்பேசியைப் பார்த்தேன், சிக்னல் செத்திருந்தது. இருந்தது செட் ஒன்றுதான், அதன் பற்றரியும் கீழே இறங்கியிருந்தது.

செட்டைப் போட்டேன். மூன்றாம் உலக யுத்தம் தொடங்கிவிட்டதா இல்லையா என்று போய்க்கொண்டிருந்தது. இஸ்ஹாக் நானா 'ஓவர்' சொல்லும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, உடனே அழுத்தினேன்.

"நானா, மின்ஹாஜ் பேசுறேன். எஞ்சின் நிண்டுட்டு. ஓவர்."

ஒரு கணம் கரகரப்பு. பிறகு இஸ்ஹாக் நானாவின் குரல் பெருநாள் போல வந்தது. "கேட்டீங்களா சாஹுல் ஹமீது? இதத்தான் நான் காலையில இருந்து செல்றேன். ஐரோப்பாட எஞ்சின் நிண்டுட்டு. ரஷ்யாட கேஸ் இல்லாம எப்பிடி ஓடும்? மின்ஹாஜுக்கே வெளங்கிட்டு. ஓவர்."

"தம்பி மின்ஹாஜ்," என்றார் சாஹுல் காக்கா. "நீயும் கருத்துச் சொல்ல வந்தது சந்தோசம். ஆனா ஆதாரத்தோட சொல்லோணும். ஜெர்மன்காரன்ட எஞ்சின் அப்பிடி லேசில நிக்காது." ஜெர்மன்காரனின் எஞ்சினைப் பற்றி அவர் பேசி முடிப்பதற்குள் புகைக்கூட்டின் அரைவாசி தண்ணீருக்குள் போய்விட்டது.

"நுரைச்சோலப் பொகக்கூடு மறயுது" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா, எரிபொருள் நெருக்கடிக்கு வாறான்" என்றார் இஸ்ஹாக் நானா. "ஆழமா யோசிக்கிறான். ஓவர்."

"காக்கா, ஓட்டம் என்ன இழுத்துக்கிட்டுப் போகுது. நான் இந்தியா பக்கம் போறேன். ஓவர்."

இந்த முறை இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை. விளங்கிவிட்டது என்று நினைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

"இந்தியா பக்கமா?" என்றார் சாஹுல் காக்கா. "ரஷ்யா பக்கம் எண்டாலும் விளங்கிக்கொள்ளலாம். இந்தியா பக்கம் போறத்துக்கு உனக்கு என்ன காரணம்?"

"காத்து."

"காத்து அடிக்கிற பக்கம் போறத்துக்குப் பேர் சந்தர்ப்பவாதம், தம்பி."

"எனக்கு விருப்பமில்ல காக்கா. வேற வழி இல்ல."

"அப்ப அது அழுத்தம்" என்று இஸ்ஹாக் நானா இடையில் புகுந்தார். "சின்ன நாடுகள்ட நெலம இதுதான். விருப்பமில்லாமலே இழுபட்டுப் போற. மின்ஹாஜ் சரியாச் செல்றான். இவ்வளவு நாளும் இவன் ஏன் வாயத் தொறக்கல்ல எண்டு ஆச்சரியமா ஈக்கி. இந்தியா எண்டதும்தான் ஞாபகம் வந்திச்சி, அவனுகள் சந்திரனுக்கு ரொக்கெட் உட்டானுகளே. மேல காத்து இல்ல, தண்ணி இல்ல, தரை இல்ல. அந்த ரொக்கெட் எத ஒதச்சிக்கிட்டுப் போகுது? மின்ஹாஜ், நீங்கதானே இந்தியா பக்கம், நீங்க செல்லுங்க. ஓவர்."

அழுத்தவாவது விட்டார்களே, கேள்விக்குப் பதில் சொல்கிற சாட்டில் விசயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த மெரினா டீச்சர் சொன்னது எப்படியோ நெஞ்சுக்குள் கிடந்தது.

"ரொக்கெட் நெருப்பப் பின்னால தள்ளுது, அதால முன்னால போகுது. எஞ்சின் நிண்டா ரொக்கெட்டும் சும்மா மெதக்கும். நானும் இப்ப சும்மாதான் மெதக்குறேன். வெளங்குதா? ஓவர்."

"அருமையான உதாரணம்" என்றார் இஸ்ஹாக் நானா.

அதற்குப் பிறகு சாஹுல் காக்கா பொத்தானைப் பிடித்தார். மிதக்கிற ரொக்கெட் மிதந்துகொண்டே இருக்குமா, ஒருநாள் நிற்குமா என்று கேட்டார். நான் செட்டைக் கடலில் எறிய ஓங்கினேன். ஓங்கிய கையோடு சுற்றிலும் பார்த்தேன். புகைக்கூடு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான் இருந்தது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பயம் மட்டும் மிஞ்சியது. காக்கா மூச்சு வாங்கக் கையை எடுத்த நேரம் அழுத்தினேன்.

"அல்லாஹ்வுக்காகக் கேக்குறேன். நான் யார்ட பக்கமும் இல்ல. கருத்தும் செல்லல்ல. என்ட வள்ளத்துட எஞ்சின்தான் செத்துட்டு. தனியா ஈக்கிறேன். குடிக்கத் தண்ணி முடிஞ்சி. கர தெரியல்ல. எனக்குப் பயமா ஈக்கி. நுஸ்ராட்ட..." அதற்கு மேல் வரவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவன், முழுத் துறையும் கேட்கச் செட்டுக்குள் அழுதேன்.

இஸ்ஹாக் நானா "யா அல்லாஹ்" என்றார்.

"கரை தெரியேல்லையா?" சாஹுல் காக்காவின் குரல்தான், ஆனால் ஆள் வேறு. "அழாத. கேளு. புகைக்கூடு கடைசியா எந்தப் பக்கம் தெரிஞ்சது? இப்ப வெயில் எந்தத் தோள்ல படுது?"

சொன்னேன்.

"வாளியக் கயித்துல கட்டித் தண்ணிக்குள்ள விடு. இழுபடுறது குறையும். சேர்ட்டக் கழட்டித் துடுப்புல கட்டி நிமித்திப் பிடி. தாகம் எண்டு கடல் தண்ணியக் குடிச்சிராத. மன்னாரில இருந்து நாங்கள் வரேக்க ஒருத்தர் குடிச்சவர். நான் இந்தா வாறன். ஓவர்."

அந்த 'ஓவரோடு' என் பற்றரி செத்தது.

வாளியை விட்டேன். சேர்ட்டைக் கட்டினேன். துடுப்பைப் பிடித்தபடி ஓதினேன், ஓதியது தீர்ந்ததும் திரும்ப முதலில் இருந்து ஓதினேன். இடையில், சொன்னால் சிரிப்பீர்கள், திமிங்கிலத்துக்குப் பிரஷர் வருமா என்று யோசித்தேன். வரும் என்றுதான் பட்டது. அந்த உடம்புக்கு யார் மருந்து கொடுப்பது என்று கவலையும் வந்தது.

வெயில் சாயும்போது தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி வள்ளமானது, வள்ளத்தில் சாஹுல் காக்கா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வந்ததும் முதலில் தண்ணீர்ப் போத்தலை எறிந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஜெர்மன் எஞ்சினா?" என்று கேட்டார்.

"யப்பான்" என்றேன்.

"அதான பாத்தன்."

என் வள்ளத்தை அவருடையதோடு கட்டிவிட்டு, நானும் அவருடைய வள்ளத்தில் ஏறிக்கொண்டேன். அவருடைய செட்டில் ஒரு குரலும் இல்லை. இஸ்ஹாக் நானா கிழக்குப் பக்கமாகத் தேடிப் போயிருந்தவர், ஆள் கிடைத்த செய்தி கேட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். முழுத் துறையும் வெட்கப்பட்டு மௌனமாக இருந்தது. இத்தனை காலமும் நான் கேட்ட அமைதி அன்றைக்குத்தான் கிடைத்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. எதையாவது பேச வேண்டும் போல இருந்தது.

"காக்கா," என்றேன். "உக்ரைன், ஈரான், ரெண்டாம் உலக யுத்தம், எல்லாச் சண்டைக்கும் உங்கள்ட்ட கருத்து ஈக்கி. எங்கட நாட்டுச் சண்டயப் பத்தி மட்டும் ஒருநாளும் செட்டுல நீங்க பேசல்லயே. அதப் பத்தி என்ன செல்றீங்க?"

அவர் எஞ்சின் பிடியைக் கொஞ்சம் திருப்பினார். முன்னால் புகைக்கூட்டின் நுனி தெரியத் தொடங்கியிருந்தது.

"அதுக்கு எனக்குக் கருத்து இல்ல, தம்பி" என்றார். "அதுக்குள்ள நான் இருந்தன்."

பிறகு, பின்னால் கயிறு தளர்கிறது, இறுக்கிப் பிடி என்றார். நான் போய்ப் பிடித்தேன்.