மாப்பிள்ளை கை

ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்த நர்ஸ் பெண்ணின் நடையை வைத்தே மேடத்துக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மேலே ஏதோ இடித்துவிடும் என்று பயந்தவள் மாதிரி கழுத்தை முன்னால் நீட்டிக் குனிந்தபடி வரும் அந்த உயரம். மேடம் பாடம் எடுக்கும் நர்சிங் கல்லூரியில் எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் எல்லாக் கேள்விக்கும் முதலில் கை தூக்கியவள் அவள்தான். படிப்பு முடித்துப் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

கட்டிலில் மேடத்தின் கணவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். தொலைதூர பஸ் டிரைவர். வழியில் எங்கோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் முந்தாநாளிலிருந்து வாந்தியும் பேதியும். தண்ணீர் கொடுத்தால் தண்ணீரே திரும்பி வந்தது. டாக்டர் வந்து கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, "உடம்புல தண்ணியே இல்ல, உடனே ட்ரிப்ஸ் ஏத்துங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, ஆள் பாதியாகியிருந்தார் டிரைவர். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"மேடம்! நீங்களா?" நெட்டையின் முகம் மலர்ந்தது. பிறகு கட்டிலில் கிடப்பவரைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த ட்ரேயைப் பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"உன் ஸ்டூடண்ட்டா?" டிரைவர் தலையைத் தூக்கினார். "அப்புறம் என்ன கவலை." பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவரைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்குங்க சார். இந்த நர்ஸம்மாவுக்கு ஊசி போடச் சொல்லிக் குடுத்ததே நம்ம வீட்டம்மாதான். ஒரிஜினல் கம்பெனி தயாரிப்பு."

"நீங்க குடுத்து வச்சவரு. எனக்கு நேத்து குத்தினது இன்னும் எரியுது."

"யாரு குத்தினது?"

மாவுக்கட்டுக்காரர் நெட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"வேற யாராச்சும் வரட்டுமே" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மேடத்துக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் டிரைவர் அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டி இடது கையை நீட்டிவிட்டிருந்தார். பத்திரம் எழுதிக் கொடுப்பவர் மாதிரி ஒரு தாராளம் அந்த நீட்டலில். பஸ்ஸில் கண்டக்டர் முதல் முன் சீட்டுப் பயணி வரை எல்லோரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: "என் வீட்டுக்காரி நர்ஸ் இல்லைங்க. நர்ஸுங்களுக்கே வாத்தியார்." இப்போது வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னால் ஏன் என்று கேட்பார். வார்டே கேட்டுக்கொண்டிருக்கும்.

நெட்டை ரப்பர் பட்டையைக் கையில் இறுக்கிக் கட்டினாள். பஞ்சால் துடைத்தாள். அது வரைக்கும் எல்லாம் வரிசையாக, பாடத்தில் இருக்கிற மாதிரியே. அப்புறம் அவள் கட்டைவிரல் முழங்கை மடிப்புக்குக் கீழே, கொஞ்சம் உள்பக்கமாக, நேராக ஒரு இடத்துக்குப் போய் நின்றது. அங்கே தடவிப் பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. வீட்டுச் சாவியை இருட்டில் பூட்டுக்குள் விடுகிற மாதிரி போய் நின்றது. அந்த இடம் மேடத்துக்குத் தெரியும்.

கல்லூரியின் பிராக்டிகல் அறையில் ஒரு ரப்பர் கை உண்டு. தோளிலிருந்து விரல் வரை, இடது கை மட்டும், ஒரு பலகையில் திருகி வைத்தது. பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். "மாப்பிள்ளை கையப் பிடிக்கப் போறோம்" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தபடி வரிசையில் வருவார்கள். வாங்கிய புதிதில் அதற்குள் குழாய் ஓடியது. சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி வைத்தால், ஊசி சரியாக இறங்கியதும் ரத்தம் போலவே எட்டிப் பார்க்கும். ஒருநாள் குழாய் கிழிந்தது. அதோடு ரத்தமும் நின்றது. அப்புறம் வருஷா வருஷம் வருகிறவர்கள் எல்லாம் குத்திக் குத்தி, முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. ஊசியை அங்கே கொண்டுபோனால் போதும், அதுவாக வழி தெரிந்து உள்ளே போகும். போன வருஷத்துப் பெண்கள் இந்த வருஷத்துப் பெண்களுக்கு அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். தேர்வு நாளில் வெளியிலிருந்து வரும் ஆள் கதவோரம் நின்று தலையாட்டுவார். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் முடித்துவிட வேண்டும் அவருக்கு. நெட்டை ஒரே குத்தில் முடித்தாள். மேடம் ஐம்பதுக்கு ஐம்பது போட்டார்.

முன்பெல்லாம் கல்லூரி பஸ் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒரு நோயாளியைச் சுற்றி வகுப்பே நிற்கும். "நான் என்ன பொருட்காட்சியாம்மா?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டவர்கள் உண்டு. இருந்தாலும் நாலு பேராவது நாலு கையைத் தொடுவார்கள். பிறகு மற்ற கல்லூரிகளும் அங்கேயே வர ஆரம்பித்தன. தொடுவது போய் எட்டிப் பார்ப்பதாயிற்று. பிரின்சிபால் ஒருநாள் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். "போய் வர்றதிலேயே பாதி நாள் போயிடுது மேடம். உக்காந்து படிக்கட்டும். ரிசல்ட் வரணும், ரிசல்ட்." பிராக்டிகல் அறையில் ஒரு திரை வந்தது. அதில் வேறு ஏதோ ஊர் நர்ஸ், வேறு ஏதோ ஊர்க் கையில், அழகாக ஊசி போட்டுக் காட்டினாள். ரிசல்ட்டும் வந்தது. கேட்டுக்கு வெளியே பெரிய பேனரில் முகங்கள் வரிசையாகச் சிரித்தன. அதில் நெட்டையின் முகமும் இருந்தது. புதுக் கை ஒன்று வாங்கித் தரச்சொல்லி மேடம் கேட்டதுண்டு. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கேட்பதே ஒரு மாதிரி ஆனதும் அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

ஊசி இறங்கியது. ஒன்றும் வரவில்லை. நெட்டை ஊசியை உள்ளேயே இப்படியும் அப்படியும் திருப்பினாள். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல பாப்பா, நீ பண்ணு, நீ பண்ணு" என்றார். குத்திய இடம் கண்ணெதிரே நீலமாக உப்பியது. அவள் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, "ஸாரி சார், அந்தக் கையில போட்டுடறேன்" என்று கட்டிலைச் சுற்றி வந்தாள்.

இப்போது வலது கை. மாப்பிள்ளை இடது கைக்காரன். அவள் விரல் முழங்கை மடிப்புக்குக் கீழே வந்து, பழகின அதே பக்கத்துக்கு ஒதுங்கியது. உள்பக்கம் என்று அவள் நினைத்தது இந்தக் கையில் வெளிப்பக்கம். நரம்பைத் தேடவில்லை இவள் என்று மேடத்துக்கு உறைத்தது. ஓட்டையைத் தேடுகிறாள். "இரு" என்று வாயெடுப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. இந்த முறை டிரைவர் வாயிலிருந்து ஜோக் எதுவும் வரவில்லை. "அம்மா" என்று மட்டும் வந்தது. மாவுக்கட்டுக்காரர் கட்டுப் போட்ட காலோடு சிரமப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் எழுந்தார். வார்டின் கோடியில் மேஜைக்குப் பின்னால், வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டரின் வெள்ளைத் தலை தெரிந்தது. நெட்டை ஊசியை உருவிவிட்டு மேடத்தின் முந்தானையைப் பிடித்துவிட்டாள்.

"மேடம், அவங்களக் கூப்பிடாதீங்க. காலையிலயே வேற பெட்டுக்குக் கூப்பிட்டேன். இன்னொரு தடவை என்னைக் கூப்பிட்டா யூனிஃபார்மக் கழட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போன்னுட்டாங்க." அவள் குரல் சொல்லச் சொல்ல இறங்கிக்கொண்டே போனது. "தங்கச்சியும் இந்த வருஷம் நம்ம காலேஜ்லதான் சேந்திருக்கா மேடம். என் சம்பளத்த நம்பித்தான் சேத்தாங்க."

தங்கச்சி. முதல் வரிசையில், வட்ட முகம், இதே மாதிரி முந்திக்கொண்டு கை தூக்குகிறவள். அக்காவின் சாயல் ஏன் அதுவரை தோன்றவில்லை என்று மேடத்துக்கே தெரியவில்லை. அடுத்த மாதம் அவர்கள் வகுப்புக்குப் பிராக்டிகல் ஆரம்பம்.

"நீங்க போடுங்க மேடம்" என்றாள் நெட்டை. புது ஊசி ஒன்றை உறையிலிருந்து எடுத்து நீட்டினாள். "நான் கையப் பிடிச்சுக்கறேன். நீங்க போட்டா ஒரே குத்துல போயிடும். யாருக்கும் தெரியாது."

"இத முதல்லயே பண்ணியிருக்கலாம்ல?" டிரைவருக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது. "சார், இந்தப் பக்கம் திரும்புங்க. இப்பப் பாருங்க. தலைமை ஆபீஸே நேர்ல இறங்குது."

மேடம் ஊசியை வாங்கிக்கொண்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டிரைவரின் மணிக்கட்டுக்கு மேலே தடவிப் பார்த்தார். பெரிய கைகள். பஸ் ஓட்டம் முடிந்து வந்து குழாயடியில் முகம் கழுவும்போது இந்தக் கைகளில் நரம்பு கயிறு மாதிரி எழுந்து நிற்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். இப்போது ஒன்றும் இல்லை. எல்லாம் வற்றி உள்ளே போய்விட்டது. விரலுக்கடியில் ஏதோ ஒன்று உருண்டு நழுவியது. நரம்பா, தசைநாரா? கையில் ஓடும் அத்தனைக்கும் பெயர் சொல்ல அவரால் முடியும். படம் போட்டு அம்புக்குறி இட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். ஆனால் வார்டில் அவர் வேலை பார்த்தது கல்யாணமான புதிதில் சில மாதங்கள். கணவர் பாதி நாள் வெளியூரில், கையில் குழந்தை. பகல் வேலையாக இருந்தால் தேவலை என்று கல்லூரியில் சேர்ந்தார். அன்றிலிருந்து இன்று வரை அவர் தொட்டது ரப்பரைத்தான்.

குத்தலாம். அதிர்ஷ்டம் இருந்தால் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் இவர் பெருமை, இந்தப் பெண்ணின் வேலை, தன் பேர், எல்லாம் தப்பித்துவிடும். இறங்காவிட்டால் காய்ந்து கிடக்கிற மனுஷன் உடம்பில் மூன்றாவது ஓட்டை. மேடம் நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் தன் கையைப் பார்க்கவில்லை. மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் துளி சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை குத்தியிருப்பார்.

ஊசியை ட்ரேயில் வைத்தார்.

"எனக்கு வராதுங்க."

"என்ன வராது?"

"ஊசி போட வராது. விட்டுப் பல வருஷமாச்சு." குரல் தடுமாறவில்லை, வகுப்பில் பேசுகிற அதே குரல்தான். "இவளுக்கும் நான் சொல்லித் தரல. ஒரு ரப்பர் கையில ஓட்டை இருந்துச்சு. அதுல விடச் சொன்னேன், விட்டா. மார்க் போட்டேன். அவ்வளவுதான்."

"மேடம்..." என்றாள் நெட்டை.

"நீ போய்ப் பெரிய சிஸ்டரக் கூட்டிட்டு வா. ரெண்டு கையிலயும் நான்தான் குத்தினேன்னு சொல்லு. என் புருஷன், நான் காலேஜ் மேடம், நானே போடுவேன்னு பிடிவாதம் பிடிச்சேன்னு சொல்லு."

"உங்கள ரொம்பத் திட்டுவாங்க மேடம். அவங்க வாய் சரியில்ல."

"திட்டட்டும். அவங்க போடும்போது வேற வேலை இருக்குன்னு ஓடிடாத. பக்கத்துல நில்லு. தொட்டுப் பாக்கட்டுமான்னு கேளு."

"கேட்டா கத்துவாங்க."

"கத்தி முடிச்சதும் மறுபடி கேளு. அப்புறம் நானும் கேக்கறேன்."

நெட்டை போனாள். மேடம் கட்டிலின் மேல் குனிந்து, வலது கையால் ஒரு பஞ்சையும் இடது கையால் இன்னொரு பஞ்சையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. டிரைவர் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப மத்தப் புள்ளைங்க?"

"எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாருமா?"

மேடம் இரண்டு பஞ்சையும் இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"நான் பஸ்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்றார் டிரைவர். கோபம் இல்லை, எங்கோ எதையோ வைத்துவிட்டு வந்தவர் போல ஒரு யோசனை. பிறகு வழக்கம் விடாமல் ஆரம்பித்தார்: "வீடியோவுல ரோட்டப் பாத்தவன்கிட்ட பஸ்ஸக் குடுத்து, ஏத்துடா அம்பது பேரன்னு..." சிரிப்பு பாதியில் குமட்டலாக மாறியது. மேடம் பஞ்சை விட்டுவிட்டு அவர் தலையைத் தாங்கிப் பிடித்தார். வெறும் குமட்டல்தான். வர எதுவும் இல்லை. மெதுவாகத் தலையணையில் சாய்த்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜோக்கை முடிக்கவில்லை.

மேடம் அவர் புறங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு விரலால் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். வருஷா வருஷம் வகுப்பில் சொல்லி எழுத வைப்பதுதான்: உடனே படிய வேண்டும், படியாமல் நின்றால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். அரைப்புள்ளி முதற்கொண்டு மனப்பாடம். கிள்ளி விட்டபின் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தப் பெண்ணும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வார்டின் கோடியிலிருந்து செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒன்று வேகமாக, அதன் பின்னால் ஒன்று தயங்கித் தயங்கி. பெரிய சிஸ்டர் வரும்போதே யாரையோ சத்தம் போட ஆரம்பித்திருந்தார். மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மடியில் கிடந்த கையில், கிள்ளி விட்ட தோல் ஒரு சின்னக் கூடாரம் மாதிரி இன்னும் எழுந்தே நின்றது.